மெனோனைட் சபையில் ஓர் உபயம்

பெயின்ரர் சோதியைத் தெரியாத ஈழத் தமிழர் ஒருவர் மேற்குச் சிட்னியில் இருக்கிறார் என்றால், அவர் இன்னும் வீடு வாங்கவில்லை, கடை திறக்கவில்லை, மகளுக்கு அரங்கேற்றம் வைக்கவில்லை என்று அர்த்தம். துங்காபியில் சுவருக்குப் பெயின்ற் அடிப்பவனும் அவன்தான். பென்டில் ஹில்லில் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுபவனும் அவன்தான். அரங்கேற்ற மேடைக்குப் பின்னால் நடராசர் ஆளுயரத்தில் ஆடுகிறார் என்றால், அவரை வரைந்து ஆடவிட்டவனும் அவன்தான். முழுப்பெயர் சிவசோதி. ஐம்பதைத் தொடப்போகிற வயது. ஆள் மெலிவு, கை மட்டும் பெரிது. அந்தக் கையைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கூடவே பெருமை உண்டு. அதை அவன் மறைப்பதுமில்லை, எங்களை மறக்க விடுவதுமில்லை.

சோதிக்குக் கைவந்த வேலை உபயம் எழுதுவது. எங்கள் ஆட்களுக்கு உபயம் எழுதாமல் ஒரு காரியமும் ஓடாது. கோயிலுக்கு ஒரு ரியூப்லைற் வாங்கிக் கொடுத்தால், வெளிச்சம் வருகிறதோ இல்லையோ, கொடுத்தவரின் பெயர் அதில் வந்தாக வேண்டும். பெயரோடு ஊர், ஊரோடு தகப்பன் பெயர் என்று லைற் முழுக்க எழுத்தாகி, கீழே நிற்பவர் அரை இருட்டில் நின்று அதை வாசிப்பார். இதைச் சொல்லி நாங்கள் எல்லோரும் சிரிப்போம். சோதி சிரிக்க மாட்டான். "தந்தவன்ர பேர் நிக்கோணும்" என்பது அவனுடைய கட்சி. பெயர் எழுதுகிற வேலையை அவன் பகிடியாக எடுத்ததே இல்லை.

அப்படிப்பட்ட சோதிதான், எதிலுமே பெயர் போடாத ஒரு கூட்டத்தாரிடம் போய் மாட்டிக்கொண்டான். வின்சர் தாண்டி ஆற்றங்கரையில் ஒரு சின்னச் சபை இருக்கிறது. மெனோனைட்டுகள் என்று சொல்வார்கள். கிறிஸ்தவர்கள்தான், ஆனால் நாங்கள் அறிந்த வேதக்காரரைப் போல அல்ல. சபை மண்டபத்தில் சொரூபம் இல்லை, படம் இல்லை, ஓர்கன் இல்லை. வாயால் மட்டும் நாலு குரலில் பாடுவார்கள். ஆயுதம் தொட மாட்டார்கள், எந்த நாட்டுப் பட்டாளத்திலும் சேர மாட்டார்கள். பெண்கள் தலையில் வெள்ளைத் துணித் தொப்பி. கனடாவிலிருந்து வந்த சில குடும்பங்களும் இங்கே வந்து சேர்ந்துகொண்டவர்களுமாக எல்லாம் ஒரு நாற்பது பேர் தேறும்.

சோதியும் மனைவி சயந்தினியும் படகில் வந்தவர்கள். தடுப்பு முகாமில் இருந்து வெளியே விட்டபோது கையில் கொடுத்த விசாவில் வேலை செய்யக்கூடாது என்று இருந்தது. சோதியைச் சும்மா இருக்கச் சொல்வது மற்றவனைச் சாப்பிடாதே என்று சொல்வதற்குச் சமம். துங்காபியில் மூன்றாம் மாடியில் ஒரு வெறும் ஃபிளாற்றில், நிலத்தில் இருந்துகொண்டு, வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரன் அடித்திருந்த பெயின்ற் படு மோசம் என்பது வேறு அவன் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டிக் கேட்டது. வெளியே தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர், தோளில் மேசையோடு நின்றார். படியேறித் தனியாகவே தூக்கி வந்திருக்கிறார். பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட அவர் மனைவி, கைக்கொன்றாக இரண்டு கதிரை. அகதிகளுக்கு உதவும் இடத்தில் முகவரி வாங்கி வந்தார்களாம். மேசையை வைத்ததும் அது ஆடியது. மனிதர் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு அரத்தை எடுத்தார், முழங்காலில் நின்று மேசைக் காலைத் தேய்த்தார், ஆடாமல் நின்ற பிறகுதான் சயந்தினி கொடுத்த தேத்தண்ணியை வாங்கினார். "ஜேக்கப் பென்னர். இவள் சூசன்னா" என்றார். குடித்து முடித்துக் கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"வேதக்காரர்தான். அடுத்த முறை நோட்டீஸ் வரும், பாரும்" என்றான் சோதி.

அடுத்த முறை ஒரு சாக்கு உருளைக்கிழங்கு வந்தது. அதற்கடுத்த முறை சயந்தினிக்குக் குளிர்ச்சட்டை வந்தது. பிறகு ஒரு தையல் மெசின் வந்தது. நோட்டீஸ் மட்டும் வரவேயில்லை. "கேக்காமலே தந்திட்டுப் போகினம், ஒண்டும் கேக்கினமும் இல்லை. எனக்கு உதுதானப்பா பயமாக் கிடக்கு" என்று சயந்தினியே சொல்லத் தொடங்கிவிட்டாள். கடைசியில் சோதி பொறுக்க முடியாமல், தனக்குத் தெரிந்த இங்கிலிசில் நேரே கேட்டுவிட்டான். எங்களை எப்போது மதம் மாற்றப் போகிறீர்கள்?

ஜேக்கப் திருப்பிக் கேட்டார். "மேசை இப்போதும் ஆடுகிறதா?"

"இல்லை."

"நல்லது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்படித் தொடங்கியதுதான் அந்தப் பழக்கம். வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகனிடம் போவார்கள். சனிக்கிழமை வின்சர் பக்கம் போவார்கள். வேலி கட்டும் இடத்தில் சோதி கூடமாட நிற்பான், சயந்தினி அவர்களுடைய குசினியில் நின்று பருப்புக்குக் கொஞ்சம் உறைப்புச் சேர்க்கப் பார்ப்பாள். தன்னை வெறுமனே ஜேக்கப் என்று கூப்பிடும்படி அவர் எத்தனை தரம் சொன்னாலும், தகப்பன் வயது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட சோதிக்கு வாய் வரவில்லை. ஜேக்கப் அங்கிள், சூசன்னா அன்ரி என்றுதான் வந்தது. அவர்களோ அவனை பிரதர் சோதி என்றார்கள். அங்கிளுக்கு இவன் எப்படிப் பிரதர் ஆனான் என்று முறை எங்கேயோ இடித்தது. ஒருவரும் திருத்தவில்லை.

வேலை செய்ய அனுமதி வந்து, சோதி மறுபடியும் பிரஷ் பிடித்து, பெயரெடுத்த பிறகுதான் அவனுடைய அகதி வழக்கு பரமட்டா நீதிமன்றத்துக்கு வந்தது. எங்கள் ஆட்களில் பலருக்கு அன்று வேலை நாள். சோதியும் சயந்தினியும் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், பின்னால் இருந்த நீள வாங்கு முழுவதும் மெனோனைட்டுகள், பதினொரு பேர். கறுப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மடியில் கை. வேனை ஓட்டி வந்தவர் பீற்றர் டைக், அவர்களுடைய தச்சு வேலைகளுக்குப் பொறுப்பானவர். நாள் முழுக்க அவர்கள் ஒரு சொல் பேசவில்லை. இடைவேளையில் பாணையும் சீஸையும் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள், லோயருக்கும் சேர்த்து. வழக்கு வென்றது, தற்காலிக விசா வந்தது. பதினொரு பேரும் வந்து பின்னால் இருந்தபடியால்தான் வென்றது என்று சோதி இன்றைக்கும் அடித்துச் சொல்வான். லோயர் அதைக் கேட்டுச் சிரிப்பார், மறுத்துச் சொன்னதில்லை.

அன்றைக்கே சோதி மனதில் ஒன்றை முடித்துவிட்டான். அந்தப் பதினொரு பெயரும் எங்கேயாவது நிற்க வேண்டும்.

அதற்கு வாய்ப்பை ஆறு கொண்டு வந்தது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் வெள்ளம் பெருகி, சபை மண்டபத்தில் யன்னல் வரைக்கும் சேறு. எல்லோருமாக அள்ளினார்கள், சோதியும் ஒரு கிழமை வேலைக்குப் போகாமல் அள்ளினான். பெயின்ற் வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான், அவர்களும் சந்தோசமாக விட்டார்கள். சுவர் காய்ந்த நேரத்தில் வடக்கே லிஸ்மோரில் வெள்ளம் அதைவிட மோசம் என்று, சபையே வேன்களில் ஏறி அங்கே வீடு திருத்தப் போய்விட்டது. தங்கள் மண்டபத்துக்கு இன்னும் கதவுகூட ஒழுங்காகப் பொருத்தவில்லை. ஊரார் வீட்டைக் கட்டப் போய்விட்டார்கள். அவர்கள் அப்படித்தான்.

சோதி தனியே இருந்தான். முன்சுவர் வெள்ளையாக, மட்டமாக, எழுத்து ஒன்றும் இல்லாமல் அவனைப் பார்த்தது. அவனுக்குக் கை தாங்கவில்லை.

சோக்குக் கயிற்றால் கோடு பிடித்தான். மேலே தமிழில் பெரிதாக ‘உபயம்' என்று எழுதினான். கீழே இங்கிலிசில் பதினொரு பெயர்கள். முதலாவது பீற்றர் டைக், வேன் ஓட்டி வந்தவர் ஆயிற்றே. இரண்டாவது ஜேக்கப் பென்னர், மூன்றாவது சூசன்னா பென்னர். சிவப்பு எனாமல், தங்க விளிம்பு, மூலைக்கு மூலை தாமரை. ஒரு எழுத்துக்கூடச் சரியவில்லை, ஒரு துளி வழியவில்லை. எட்ட நின்று பார்த்தபோது சோதிக்குக் கண் கலங்கியது. தன் வாழ்நாளில் அதற்கு மேல் அழகாக அவன் ஒன்றும் எழுதியதில்லை. அது பொய்யுமில்லை, நான் படம் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை சோதியும் சயந்தினியும் நேரத்தோடு போய் வாசலில் நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொருவராக வாயடைத்துப் போனார்கள். பீற்றர் டைக்கின் முகம் அவருடைய பெயரின் நிறத்துக்கு வந்தது. சூசன்னா குனிந்தவர் ஆராதனை முடியும் வரை நிமிரவில்லை. ஜேக்கப் பாட்டைத் தொடங்க எழுந்து, சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். முடிந்ததும் வந்து சோதியின் கையைப் பிடித்தார்.

"மிகவும் கவனமாகச் செய்த வேலை, பிரதர் சோதி" என்றார்.

சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்றுதான் சோதி நினைத்தான். எங்கள் ஆட்களாக இருந்திருந்தால் இந்நேரம் தன் பெயர் ஏன் இரண்டாவது என்று கேட்டிருப்பார்கள். அன்று பின்னேரமே படம் அரைச் சிட்னிக்குப் போனது. பென்டில் ஹில்லில் மண்டபம் நடத்தும் அவனுடைய கூட்டாளி வரதராஜா, "மச்சான், என்ர ஹோலிலயும் உதே மாதிரி ஒண்டு அடி, தாமரையைக் கொஞ்சம் பெரிசாப் போடு" என்று உடனேயே ஃபோன் எடுத்துச் சொன்னான்.

உண்மை தெரிய இரண்டு கிழமை எடுத்தது. குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது சயந்தினிதான் கேட்டாள். சூசன்னா முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, பொய் சொல்லப் பழகாத மனிசி ஆனபடியால், சொல்லிவிட்டார். செய்ததற்குப் பெயர் வாங்கிக்கொள்வது தங்களிடையே பெரிய வெட்கம். பெருமை என்பது தாங்கள் வாழ்நாள் முழுக்க விலகி நிற்கப் பார்க்கிற ஒன்று. கடவுளுக்கு முன்னால் நின்று பாடும்போது எதிரே தங்கள் பெயரே தெரிகிறது. ஆனால் பிரதர் சோதி அன்பினால் தந்ததை எப்படி வேண்டாம் என்பது? அதனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சயந்தினி காரில் வைத்து மெல்லச் சொன்னாள். "இஞ்சேருங்கோ, கோவிக்காமல் கேளுங்கோ. அவையளுக்கு அந்தச் சுவர் பெரிய கரைச்சலாக் கிடக்காம்."

"என்ன கரைச்சல்? எழுத்துப் பிழையோ?"

"எழுத்தில பிழையில்லை. பேர் இருக்கிறதுதான் பிழையாம்."

சோதி காரை ஓரம் கட்டிவிட்டான். "அப்ப அழிக்கோணும் எண்டினமோ?"

"அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை."

"சொல்லாட்டி என்ன? எனக்கு விளங்குது. பேரை அழிக்கிறதெண்டால் நான் உவையின்ர வாசலே மிதிக்க மாட்டன்" என்றான். 

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது சயந்தினிக்குத் தெரியும். புதுக்குடியிருப்பில் ‘சோதி ஆர்ட்ஸ்' என்று கடை வைத்திருந்த காலத்தில், அவன் எழுதிய பெயர்களில் பாதி கடைகளுக்கு அல்ல, சண்டையில் விழுந்த போராளிகளின் கல்லறைகளுக்கு. சண்டை கூடக்கூட வேலையும் கூடியது. தன் தம்பி ஜசிந்தனின் பெயரையும் அவனே எழுதினான். வேறொருவரை எழுத விடவில்லை. சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தின் புல்டோசர் வந்து அந்தக் கல்லறைகளை எல்லாம் உழுது போட்டது. அவன் எழுதியவற்றில் ஒரு எழுத்து மிஞ்சவில்லை. தம்பி செத்ததைத் தாங்கிய மனுசன், அந்தக் கல் போனதைத் தாங்கவில்லை. ஊரை விட்டு வந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். சோதிக்கு அந்தக் கல்தான் பெரிய காரணம்.

இரண்டு சனிக்கிழமை சோதி வின்சர் பக்கம் போகவில்லை. மூன்றாவது வியாழக்கிழமை ஜேக்கப் ஃபிளாற்றுக்கு வந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"சனிக்கிழமை சபைக் கூட்டம். சுவரைப் பற்றிப் பேசப் போகிறோம். நீ இல்லாமல் பேசுவது சரியில்லை" என்றார்.

"நான் வந்து என்ன செய்ய, அங்கிள்? அது உங்கட மண்டபம்."

"வந்து பேசு."

சோதி போனான், சண்டை பிடிக்கத்தான் போனான். வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, சொல்லப் போவதை வழி நெடுகச் சயந்தினிக்குச் சொல்லிக் காட்டிக்கொண்டே போனான்.

அவர்களுடைய கூட்டத்தில் வாக்கெடுப்புக் கிடையாது. வட்டமாக இருந்து ஒவ்வொருவராகச் சொல்வார்கள். எல்லோருடைய மனமும் ஒத்துவந்தால்தான் ஒன்றைச் செய்வார்கள். ஒருவர் மாட்டேன் என்றாலும் காரியம் அப்படியே நிற்கும். முப்பத்தொன்பது பேர் ஒரு பக்கம் நின்றாலும் அந்த ஒருவரைத் தாண்டிப் போக மாட்டார்கள். சுவரை வெள்ளையடிப்பதா இல்லையா என்பதுதான் அன்றைய கேள்வி.

பீற்றர் டைக் முதலில் எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேசினார். "என் பெயரை யாரும் கவனிக்கக் கூடாது என்று ஐம்பது வருசமாக என்னோடு நானே மல்லுக்கட்டி வந்திருக்கிறேன். இப்போது மண்டபத்துக்குள் வந்ததும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது. போன புதன்கிழமை, ஒரு வேலையும் இல்லாமல், அதைப் பார்க்கவென்றே வந்தேன். எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், தயவுசெய்து அழித்துவிடுங்கள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சோதிக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. தன் எழுத்தைப் பற்றி இதைவிட உயர்வாக ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு இளம் தாய், அது அப்படியே இருக்கட்டும், பிரதர் சோதியின் மனம் நோகும் என்றாள். இன்னொருவர், உபயம் என்ற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தந்தவர்கள் இவர்கள் என்று அர்த்தம் என்றான் சோதி. "நாங்கள் தரவில்லையே. எங்களிடம் வந்ததைக் கை மாற்றிவிட்டோம்" என்றார் அவர். ஜேக்கப்பின் முறை வந்தது. அவர் தாடியைத் தடவிக்கொண்டே தொடங்கினார்.

"என் தாத்தாவை உக்ரைனில் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. எந்தக் கல்லிலும் அவர் பெயர் இல்லை. இந்தச் சுவரில் பென்னர் என்று பார்த்ததும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆகவே என் தீர்ப்பை நான் நம்பவில்லை. மற்றவர்கள் சொல்வதற்குச் சம்மதிக்கிறேன்" என்றார். இளம் தாயும் கொஞ்சம் பொறுத்து, எல்லோரும் ஒப்பினால் தானும் ஒப்புவதாகச் சொன்னாள்.

பிறகு எல்லோரும் சோதியைப் பார்த்தார்கள்.

"நான் உங்கட சபை இல்லை" என்றான் சோதி. அவனுக்கு இங்கிலிசு தடக்கியது. "ஞானஸ்நானம் எடுக்கேல்லை. நேற்றும் முருகன் கோயிலுக்குப் போட்டுத்தான் வந்தனான்."

"தெரியும்" என்றார் ஜேக்கப். "இந்த மண்டபத்துச் சேற்றை எங்களோடு சேர்ந்து அள்ளினாய். உன் முறை, சொல்."

"நான் அழிக்கக் கூடாது எண்டால்?"

"அழிக்க மாட்டோம். அதற்குக் கீழே நின்று பாடப் பழகிக்கொள்வோம்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"நீ சொல்லும் வரைக்கும்."

சோதி சயந்தினியைத் திரும்பிப் பார்த்தான். இந்த நாட்டில் இறங்கிய நாள் முதல் அவனைப் பற்றி எத்தனையோ பேர் கூடிப் பேசியிருக்கிறார்கள். இவனை விடலாமா, வைக்கலாமா, திருப்பி அனுப்பலாமா என்று அறை அறையாகப் பேசியிருக்கிறார்கள். அங்கெல்லாம் அவன் தன் பெயரையும் பிறந்த திகதியையும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தவன். இங்கே நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு அவனுடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அவன் இல்லை என்றால் இல்லைதான். சொல்லிக் காட்டிக்கொண்டு வந்த சண்டை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தான் ஒரு பெரிய மனிதன் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தோன்றியதாம். அவனே சொல்லியிருக்கிறான்.

தம்பியின் கல்லைப் பற்றிச் சொன்னான். எழுதியதையும், உழுது போட்டதையும் சொன்னான். இங்கிலிசு போதாத இடத்தில் தமிழில் சொன்னான், சயந்தினி எடுத்துச் சொன்னாள்.

"அங்கை எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றான். "நீங்கள் கேட்டியள். எனக்கு அது காணும். அழிப்பம். ஆனால் நான்தான் அழிப்பன். வேற ஆரும் பிரஷ்ஷைத் தொடப்படாது."

சூசன்னா எழுந்து வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தார்.  சுவரைப் பார்த்து, பதினொரு பெயரையும் மேலிருந்து கீழாக ஒருமுறை வாய்க்குள் வாசித்தார். அன்றுதான் அவர் அதை முழுவதும் வாசித்தார்.

வேலையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிவப்பு எனாமலுக்கு மேல் சும்மா வெள்ளையடித்தால், ஒரு கோடை வெயிலில் சிவப்பு ஊறி மேலே வந்துவிடும். முதலில் இளஞ்சிவப்பாய் ஒரு நிழல் தெரியும். பிறகு எழுத்தே தெரியும். இது சோதிக்கும் தெரியும், வரதராஜாவுக்கும் தெரியும்.

"விசரே உனக்கு? மேலால ஒரு கோட் இழுத்து விட்டிட்டு வா" என்றான் வரதராஜா. "அடுத்த வருசம் பேர் தன்பாட்டில வெளியில வரும். ஆர் என்ன செய்யிறது? கடவுள் எழுதினது எண்டு சொல்லுவினம்."

சோதி அதை யோசிக்காமல் இல்லை. ஏணியில் ஏறிய பிறகும் யோசித்தான். பிரஷ்ஷை நனைத்துக்கொண்டு, பீற்றர் டைக் என்ற பெயருக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். அவர்கள் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் அவர்களுக்கு விளங்காது. ஆனால் அவர்கள் அவனை நம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவரும் நின்று காவல் பார்க்கவில்லை.

அவன் இறங்கினான். எழுத்துகளின் மினுக்கம் போகும் வரைக்கும் அரத்தாளால் தேய்த்தான். சாயம் ஊறாமல் அடைக்கும் பூச்சை வாங்கி வந்து ஒரு கோட் அடித்தான், காயவிட்டு இன்னொரு கோட் அடித்தான். எழுத்தின் விளிம்பு மேடாய்த் தட்டுப்பட்ட இடமெல்லாம் பட்டி வைத்து மட்டப்படுத்தினான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சுவர் முழுவதும் தடவிப் பார்த்து, தாமரை இருந்த ஒரு மூலையை மட்டும் திரும்பவும் தேய்த்தான். அதற்கு மேல்தான் வெள்ளை. அந்த வேலை, எழுதியதற்கு எடுத்ததைவிட இரண்டு மடங்கு நாள் எடுத்தது. பூச்சு எல்லாம் அவன் கைக்காசு. பெயர்ப்பலகை வேலைகள் காத்துக் கிடந்தன, ஆட்கள் ஃபோனுக்கு மேல் ஃபோன் அடித்தார்கள். சோதி எடுக்கவில்லை.

இப்போது அவனுக்கு நிரந்தர விசாவும் வந்துவிட்டது. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஓப்பரா ஹவுஸ், பாலம் எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் வின்சர் தாண்டிக் கூட்டிக்கொண்டு போவான். போன மாசம் சயந்தினியின் ஒன்றுவிட்ட தமையன் நித்தியானந்தன் மெல்பேர்ன் கிளென் வேவர்லியிலிருந்து வந்திருந்தார். அவரையும் கொண்டுபோய் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினான். ஜேக்கப் பின்னால் வாங்குகளுக்கு இடையில் நிலத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், என்ன தெரியுது?"

நித்தியானந்தன் கிட்டப் போய்ப் பார்த்தார், எட்ட நின்று பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தார். "ஒண்டும் தெரியேல்லையே. வெறும் வெள்ளைச் சுவர்."

"வடிவாப் பாருங்கோ. உள்ளுக்குப் பதினொரு பேரின்ர பேர் கிடக்கு. சிவப்பு எனாமல், தங்க விளிம்பு. மூண்டு கோடை வெயில் விழுந்திட்டுது. ஒரு எழுத்து, ஒரு புள்ளி தெரிஞ்சால் சொல்லுங்கோ."

"இல்லை."

"வராது. இந்தச் சிட்னியில இப்பிடி அழிக்கிறதுக்கு வேற ஆள் இல்லை" என்றான் சோதி, நெஞ்சில் கையை வைத்து.

அவன் என்ன சொல்கிறான் என்று ஜேக்கப் கேட்டார். யாராவது தன்னைத் தானே புகழத் தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுகிற மனிதர் அவர். நித்தியானந்தன் கொஞ்சம் தயங்கி, இங்கிலிசில் அப்படியே சொன்னார்.

ஜேக்கப் தும்புத்தடியை வாங்கில் சாய்த்து வைத்துவிட்டு வந்து, சோதிக்குப் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்தார்.

"உண்மைதான்" என்றார். "எத்தனையோ ஞாயிறு நானும் தேடிப் பார்த்துவிட்டேன். என் பெயர் அகப்படவில்லை."

அன்று முழுவதும் சோதிக்குக் கால் நிலத்தில் படவில்லை.